டெர்மினலில் கண் போவது கீழ்வரிக்கு: நெட்வொர்க் பட்டியலை அடுக்கும் முறை

நெட்வொர்க் கமாண்ட் ஒன்றை ஓட்டினால் நூறு வரி சரசரவென்று ஓடி நிற்கும். அப்போது கண்ணில் படுவது கடைசி இருபது வரிதான். முதல் வரி எப்போதோ மேலே போய்விட்டது. இன்னொரு மெஷின் பதில் தருகிறதா என்று பார்க்க 1983 டிசம்பரில் மைக் மூஸ் எழுதிய பிங், இன்றும் இதைச் சரியாகச் செய்கிறது. எத்தனை பாக்கெட் போனது, எத்தனை திரும்பியது என்ற கணக்கு கடைசியில் வரும். ஒரு தளத்தின் பெயரைக் கொடுத்து முகவரி கேட்கும் டிக் நேர்மாறு. நாம் கேட்ட முகவரி நடுவில் கிடக்கும். அதற்கும் கீழே நேரம், சர்வர், தேதி. எனக்கு அதில் எப்போதும் சலிப்புதான்.

நாமே ஒரு பட்டியலை அடுக்கிப் பார்ப்போம். லினக்ஸ் போதும். கமாண்டுகளை ஒலிப்பில் எழுதியிருக்கிறேன். நீங்கள் ஆங்கில எழுத்தில் டைப் செய்யுங்கள்.

படி 1: "ஐபி மைனஸ்-4 நெய்பர்" என்று அடியுங்கள். உங்கள் மெஷின் அண்மையில் தேடிய அண்டை மெஷின்கள் வரும். மைனஸ்-4 போடாவிட்டால் ஐபிவி6 என்ற இன்னொரு வகை முகவரிகளும் கலந்துகொள்ளும். வரியின் கடைசிச் சொல்தான் நிலைமை. 'ஸ்டேல்' என்றால் பயப்பட வேண்டாம், கொஞ்ச நேரமாகச் சரிபார்க்கவில்லை, அவ்வளவுதான். 'ஃபெயில்டு' என்றால் கூப்பிட்டும் பதில் இல்லை.

படி 2: அதை ஒரு ஃபைலில் சேமியுங்கள். இந்தப் பட்டியல் நொடிக்கு நொடி மாறும். படி 4-இல் இதிலிருந்து இரண்டு தடவை வரிகளை எடுப்போம்; அதற்காகக் கமாண்டையே இரண்டு முறை ஓட்டினால் ஒரே மெஷின் இரண்டு இடத்தில் வரலாம், எங்குமே வராமலும் போகலாம்.

படி 3: அந்த ஃபைலை, வரிகளை வரிசைப்படுத்தும் வெறும் "சார்ட்" (sort) கொண்டு அடுக்கிப் பாருங்கள். 192.168.1.10 முன்னால் வந்து, 192.168.1.2 பின்னால் போகும். எண்ணாகப் பார்க்காமல் எழுத்தெழுத்தாக ஒப்பிடுவதால் வந்த வினை. "சார்ட் மைனஸ் பெரிய வி" போட்டால் 2-க்குப் பிறகே 10 வரும்.

படி 4: இதுதான் முக்கியம். ஒரு சொல் உள்ள வரிகளைப் பொறுக்குவது கிரெப்; மைனஸ் சின்ன வி போட்டால் அந்தச் சொல் இல்லாத வரிகள். முதலில் "கிரெப் மைனஸ் சின்ன வி" கொண்டு ஃபெயில்டு இல்லாத வரிகளை எடுத்து அடுக்குங்கள். அடுத்து, வெறும் "கிரெப்" கொண்டு ஃபெயில்டு வரிகளை மட்டும் எடுத்து அடுக்குங்கள். கோளாறு எல்லாம், அடுத்த கமாண்டுக்குக் காத்திருக்கும் பிராம்ப்டுக்கு நேர் மேலே வந்து உட்கார்ந்துவிடும். இரண்டு வி-யையும் மாற்றிப் போட்டுவிடாதீர்கள்: கிரெப் தன் வெர்ஷனைச் சொல்லிவிட்டு நின்றுவிடும், சார்ட், அப்படியொரு ஆப்ஷனே இல்லை என்று முரண்டு பிடிக்கும்.

எல்லாவற்றையும் இப்படிக் கலைத்து அடுக்கக் கூடாது. பாக்கெட் எந்தெந்த ரவுட்டர் வழியாகப் போகிறது என்று காட்டும் ட்ரேஸ்ரூட்டில் வரிசைதான் செய்தி. மூன்றாவது ரவுட்டரைக் கீழே தள்ளினால் பாதையே போய்விடும்.

படி 5: இதை ஸ்கிரிப்டாக எழுதினால், பாஷில் சதுர அடைப்புக்குள் "மைனஸ் டி 1" (டெர்மினலின் சின்ன t) என்று சோதியுங்கள். வெளியீடு டெர்மினலுக்குப் போகிறதா என்று அது சொல்லும். போகிறது என்றால் படி 4. இல்லையென்றால் முகவரி வரிசை மட்டும். பக்கம் பக்கமாகக் காட்டும் லெஸ்ஸுக்கு அனுப்பினால் அது முதல் பக்கத்திலிருந்துதான் திறக்கும், அங்கே கோளாறைக் கீழே வைத்துப் பயனில்லை. இந்தச் சோதனை அதையும் பிடித்துக்கொள்ளும்.