முதல் மாதம் எதையும் வாங்காதீர்கள்

"அக்கா, மூங்கில் பிரஷ் எந்த பிராண்ட் நல்லது?"

பல்கலைக்கழக விடுதியில் புதிதாகச் சேர்ந்தவர்கள் எங்கள் பசுமை மன்றத்தை எட்டிப் பார்த்தால் பெரும்பாலும் இந்தக் கேள்வியோடுதான் வருகிறார்கள். இளநிலை, முதுநிலை, இப்போது வேதிப் பொறியியலில் ஆய்வு என்று விடுதி மாற்றி விடுதியாகக் காலம் தள்ளும் என் பதிலும் மாறுவதில்லை: கையில் இருக்கும் பிளாஸ்டிக் பிரஷ் தேய்ந்து முடியட்டும், அப்புறம் பேசலாம். ஸ்டீல் ஸ்ட்ரா, கண்ணாடி டப்பா, மரக்கரண்டி செட் எதுவும் முதல் மாதம் வேண்டாம். சூழலைக் காப்பாற்றுவது ஒரு ஷாப்பிங் லிஸ்ட் என்று யாரோ நம் தலையில் ஏற்றிவிட்டார்கள்.

மாணவர் நிலைமையே வேறு. கூரை நம்முடையதில்லை, சோலார் போட முடியாது. பல்பு மாற்றக்கூட விடுதி அலுவலகத்தில் எழுதிக்கொடுக்க வேண்டும். பணம் கிடையாது. மூன்று நான்கு வருடத்தில் மூட்டை கட்டிக் கிளம்ப வேண்டும். ஆனால் ஒரே கட்டடத்தில் நூற்றுக்கணக்கான பேர் ஒரே மாதிரிச் சாமானோடு, ஒரே மாதிரித் தேவையோடு வாழ்கிறோம். குடும்பமாக வீட்டில் இருப்பவர்களுக்குக் கிடைக்காத வசதி இது. இதை வைத்துத்தான் வேலை செய்ய வேண்டும்.

முதல் வாரம் ஒவ்வொரு மன்றமும், ஒவ்வொரு துறையும் துணிப்பை கொடுக்கும். ஒன்றே ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள், மற்றதற்குக் கும்பிடு போட்டுவிடுங்கள். டென்மார்க்கின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2018-இல் வெளியிட்ட ஆய்வின்படி, சாதாரணப் பருத்திப்பை பருவநிலைக் கணக்கில் மட்டும் ஒரு மெல்லிய பிளாஸ்டிக் பைக்கு ஈடாக வேண்டுமானால் அதை 52 முறை பயன்படுத்த வேண்டும். ஓசோன், நீர் என்று அவர்கள் எடுத்துக்கொண்ட எல்லா அளவுகோல்களிலும் ஈடாக 7,100 முறை! தெருவிலும் கடலிலும் சிதறும் பிளாஸ்டிக்கின் கேட்டை அந்த ஆய்வு எடைபோடவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். எப்படிப் பார்த்தாலும் அலமாரியில் மடித்து வைத்த ஆறு பைகளால் யாருக்கும் பயனில்லை.

சுடுதண்ணீர் கணக்கு

மின்சாரத்தை மிச்சம் பிடிக்க நினைப்பவர்கள் முதலில் போன் சார்ஜரைப் பிடுங்கப் போவார்கள். இப்போது வரும் சார்ஜர்கள் போன் இல்லாமல் செருகிக் கிடந்தால் இழுப்பது பெரும்பாலும் 0.1 வாட்டுக்கும் குறைவு. வருடம் முழுக்க அப்படியே விட்டாலும் ஒரு யூனிட்டைத் தொடாது. பிடுங்குங்கள், தப்பில்லை. ஆனால் அதைச் செய்துவிட்டுப் போய்ப் பத்து நிமிடம் வெந்நீர் ஷவரில் நின்றால், ஓட்டைப் பானைக்கு மூடி போட்டது போலத்தான்.

கணக்கு இதுதான். ஒரு லிட்டர் தண்ணீரை ஒரு டிகிரி சூடேற்ற சுமார் 4.2 கிலோஜூல் வேண்டும்; 3,600 கிலோஜூல் சேர்ந்தால் ஒரு யூனிட். நிமிடத்துக்கு 8 லிட்டர் கொட்டும் ஷவரில் பத்து நிமிடம் என்றால் 80 லிட்டர். அதை 25 டிகிரியிலிருந்து 45-க்குக் கொண்டுபோக ஏறக்குறைய 1.9 யூனிட். அதே குளியலை 15 லிட்டர் வாளியில் முடித்தால் 0.35 யூனிட். ஒரு போனை முழுதாக ஒருமுறை சார்ஜ் செய்ய, இழப்பையும் சேர்த்து, 0.025 யூனிட் என்று வையுங்கள். அந்த ஒரு ஷவர் குளியலின் மின்சாரத்தில் இரண்டு மாதத்துக்கு மேல் தினமும் போன் சார்ஜ் ஏற்றலாம். 9 வாட் எல்இடி விளக்கை தினமும் ஆறு மணி நேரம் என்று ஒரு மாதம் எரிக்கலாம்.

ஆகவே அறையில் எது சூடாக்குகிறது, எது குளிரவைக்கிறது என்று மட்டும் முதலில் பாருங்கள். கெட்டில், ஹீட்டர், ஏசி, துணி உலர்த்தும் இயந்திரம். மற்றதெல்லாம் சில்லறை. கெட்டிலில் ஒரு குவளைக்கு ஒரு குவளை தண்ணீர்தான் ஊற்ற வேண்டும். ஒன்றரை லிட்டரைக் கொதிக்கவைத்து ஒரு கப் எடுத்துக்கொண்டால், மீதியைச் சூடாக்கிய மின்சாரம் அறைக்காற்றுக்குப் போய்ச் சேரும். ஏசி இருக்கும் அறையில் அந்தச் சூட்டை வெளியேற்ற மறுபடியும் மின்சாரம்! வாஷிங் மெஷினிலும் இதே கதைதான். வெந்நீர்ச் சலவையில் மோட்டாரைவிடத் தண்ணீரைச் சூடாக்கத்தான் பெரும்பங்கு போகிறது. பச்சைத்தண்ணீர், நிறைந்த டிரம், கொடியில் காயப்போடுவது, அவ்வளவுதான். ஒருவர் துணி டிரம்மை நிறைக்காவிட்டால் பக்கத்து அறையைச் சேர்த்துக்கொள்ளுங்கள். (உள்ளாடைக்கு வலைப்பை வைத்துக்கொள்வது நட்புக்கு நல்லது.)

நான் சொல்வதை நம்ப வேண்டாம். பிளக்குக்கும் சாதனத்துக்கும் நடுவே செருகும் மின்அளவி ஒன்று இருக்கிறது. மின்னியல் துறை ஆய்வகத்தில் கேட்டால் கிடைக்கலாம். ஒரு வார இறுதியில் தளத்தில் உள்ள எல்லாச் சாதனங்களையும் அதில் மாட்டிப் பாருங்கள். பொது அறையின் பழைய ஃபிரிட்ஜில் எதிர்பாராத எண் ஒன்று வரும்.

தண்ணீர்க் கசிவுக்கும் ஒரு சோதனை உண்டு. கழிவறைத் தொட்டியில் சில துளி உணவு நிறமி விட்டு, ஃப்ளஷ் செய்யாமல் இருபது நிமிடம் விடுங்கள். கீழே நிறம் வந்தால் உள்ளே வால்வு ஒழுகுகிறது. குழாய் விநாடிக்கு ஒரு சொட்டு விட்டால், லிட்டருக்கு 4,000 சொட்டு என்ற கணக்கில், ஒரு நாளைக்கு 21 லிட்டருக்கு மேல். புகார் நோட்டில் "குழாய் ஒழுகுகிறது" என்று எழுதாமல் "இரண்டாம் தளம், இடது ஓரக் குழாய், நாளைக்கு 21 லிட்டர்" என்று எழுதிப் பாருங்கள். எண் போட்ட புகாருக்குப் பிளம்பர் சீக்கிரம் வருகிறார். ஏன் என்று எனக்கும் புரியவில்லை.

ஆண்டுக் கடைசி வாரம்

என்னிடம் ஒரே ஒரு காரியம் சொல்லுங்கள் என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன். கடைசித் தேர்வு முடிந்த வாரம் விடுதிக் குப்பைத்தொட்டிக்குப் பக்கத்தில் போய் நில்லுங்கள். வாளி, மேசைவிளக்கு, எக்ஸ்டென்ஷன் பாக்ஸ், ஹேங்கர், லேப் கோட், கால்குலேட்டர், பாதி எழுதிய நோட்டு, நல்ல கால்மிதி. புதிய மாணவர்கள் வந்ததும் இதே சாமானைக் கடையில் வாங்கி வருவார்கள். இரண்டுக்கும் நடுவே இருப்பது ஒரு விடுமுறையும் பூட்டிய ஓர் அறையும் மட்டுமே.

விடுமுறை முழுக்கச் சாமானைப் பூட்டிவைக்க அந்த அறையைப் பெறுவதுதான் முதல் வேலை. தேர்வு அட்டவணை வந்ததுமே காப்பாளரைப் பார்த்து எழுத்தில் கேளுங்கள். கடைசி நேரத்தில் அவருக்கும் ஆயிரம் வேலை. தரையில் எதையும் வைக்காதீர்கள், பூட்டிய அறையில் ஈரம் ஏறும். பலகையோ பழைய கட்டிலோ போட்டு அதன்மேல் அடுக்குங்கள். சேகரிக்கும் பெட்டி ஒவ்வொரு தளத்திலும் இருக்க வேண்டும். ஊருக்குக் கிளம்புகிறவர் இரவு இரண்டு மணிக்கு வண்டி பிடிக்க ஓடுவார், கீழ்த்தளம் வரை வந்து "தானம்" செய்ய அவருக்கு நேரம் இல்லை. பெட்டி அறை வாசலில் இருந்தால் போட்டுவிட்டுப் போவார்.

பெட்டியில் எதையெல்லாம் ஏற்றுக்கொள்ள மாட்டோம் என்று முன்பே எழுதி ஒட்டிவிடுங்கள். மெத்தையும் தலையணையும் வேண்டாம்; மூட்டைப்பூச்சி ஒரே ஒரு மெத்தையில் வந்தாலும் மொத்த முயற்சியும் அத்தோடு காலி. திறந்த மருந்து, பாதி ஷாம்பு, உள்ளாடை கூடாது. மின்சாதனம் எதுவாக இருந்தாலும், மின்னியல் படிக்கும் இருவரை உட்காரவைத்து ஒயர் நைந்திருக்கிறதா, பிளக் கருகியிருக்கிறதா என்று பார்க்காமல் உள்ளே விடாதீர்கள். சந்தேகம் வந்தால் மின்கழிவுப் பெட்டிக்கு.

கொடுக்கும்போது ஒன்று மட்டும்: சேர்க்கை நாளன்றே அந்தச் சாமான் அறையைத் திறந்துவிட வேண்டும். இரண்டு நாள் தள்ளினால் பெற்றோர் அதற்குள் எல்லாவற்றையும் புதிதாக வாங்கிக் கொடுத்துவிட்டுப் போயிருப்பார்கள். முடிந்தால் சேர்க்கைக் கடிதத்தோடு, "வாளியும் விளக்கும் இங்கே கிடைக்கும், வாங்கி வராதீர்கள்" என்று ஒரு வரி போகச் செய்யுங்கள். அந்த ஒரு வரியைச் சேர்க்க அலுவலகத்தோடு நான் மன்றாடிய கதை தனி.

சாமான் கைமாறுவது போலச் சீர்செய்வதும் விடுதியில் எளிது. மார்ட்டீன் போஸ்ட்மா 2009-இல் ஆம்ஸ்டர்டாமில் தொடங்கிய, பழுதான சாமானைக் கூடி உட்கார்ந்து சரிசெய்யும் 'ரிப்பேர் கஃபே' இன்று பல நாடுகளில் நடக்கிறது. மாதம் ஒரு மாலை, ஒரு மேசை, ஸ்க்ரூடிரைவர், சால்டரிங் அயர்ன், ஊசி நூல். அறுந்த ஹெட்போன் ஒயர், கழன்ற பை ஜிப், ஆடும் நாற்காலி. பொறியியல் மாணவர்கள் தைக்கக் கற்றுக்கொள்வதும் இலக்கிய மாணவர்கள் சால்டர் பிடிப்பதும் கண்கொள்ளாக் காட்சி.

லேப்டாப்

ஒரு லேப்டாப் தன் ஆயுளில் உண்டாக்கும் கார்பனில் பெரும்பங்கு அது பெட்டியைவிட்டு வெளியே வருவதற்கு முன்பே, தயாரிப்பிலேயே, முடிந்துவிடுகிறது. ஆகவே ஸ்டார் ரேட்டிங் பார்த்துப் புதிது வாங்குவதைவிடப் பழையதை இன்னும் இரண்டு வருடம் இழுப்பது மேல். மின்விசிறித் தூசியைத் தட்டுங்கள். ஹார்ட் டிஸ்க் இருந்தால் அதைவிட வேகமான எஸ்எஸ்டி சேமிப்பகத்துக்கு மாற்றுங்கள். கிழட்டு மெஷின் எழுந்து ஓடும். எப்போதும் சார்ஜரிலேயே இருக்கும் லேப்டாப்பில் சார்ஜை 80 சதவீதத்தில் நிறுத்தும் வசதி இருந்தால் போட்டுவிடுங்கள், லித்தியம் பேட்டரிக்கு முழு சார்ஜும் சூடும் சேர்ந்தால் ஆகாது. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்ததால் பல நல்ல மெஷின்கள் குப்பைக்குப் போகின்றன. விண்டோஸ் 11 ஏறாவிட்டால் இலவச இயங்குதளமான லினக்ஸ் போடலாம். கட்டுரை எழுத, பைத்தான் ஓட்ட, படம் பார்க்கத் தாராளமாகப் போதும். கனமான சிமுலேஷனுக்குத் துறை ஆய்வகக் கணினி இருக்கிறது, அதற்காக கேமிங் லேப்டாப் வாங்க வேண்டாம். முதல் ஆண்டில் "இந்தப் படிப்புக்கு இவ்வளவு ராம் வேண்டும்" என்று கடைக்காரர் சொல்வதைக் கேட்காமல் அதே துறை சீனியரைக் கேளுங்கள்.

செத்தே போனால் மின்கழிவுப் பெட்டிதான், சாதாரணக் குப்பை இல்லை. ஐ.நா. கணக்குப்படி 2022-இல் உலகில் சேர்ந்த மின்கழிவு 6.2 கோடி டன். முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்யப்பட்டதாகப் பதிவானது 22.3 சதவீதம்தான். பேட்டரி உப்பியிருந்தால் சார்ஜ் போடுவதை நிறுத்துங்கள். அழுத்தவோ குத்தவோ வேண்டாம், தீப்பிடிக்கும்.

சாப்பாட்டில் என் கருத்து கொஞ்சம் கறாரானது: தட்டில் எதைப் போடுகிறோம் என்று சண்டை போடுவதற்கு முன், தட்டிலிருந்து எதைக் கொட்டுகிறோம் என்று பாருங்கள். ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டத்தின் 2024 அறிக்கை, 2022-இல் 105 கோடி டன் உணவு வீணானது என்கிறது. நுகர்வோருக்கு வந்துசேர்ந்த உணவில் 19 சதவீதம். மெஸ்ஸில் தட்டு கழுவும் இடத்தில் ஒரு தராசும் கரும்பலகையும் வையுங்கள். அன்று கொட்டியது எத்தனை கிலோ என்று மறுநாள் காலை எழுதிவையுங்கள். திட்டவோ அறிவுரை சொல்லவோ வேண்டாம், எண் மட்டும் போதும். சமையல் பொறுப்பாளர் அந்தப் பலகையை நம்மைவிட உன்னிப்பாகப் பார்ப்பார், எந்த நாள் எது யாருக்கும் பிடிக்கவில்லை என்று அவருக்கு அது சொல்லிவிடும். விடுமுறைக்குப் போகிறவர்கள் முன்கூட்டியே பெயரை நீக்கும் பட்டியலும் வேண்டும்.

என்ன சாப்பிடுவது என்பதற்கு விடை ஓரளவு தெளிவாகவே இருக்கிறது. ஜோசப் பூர், தாமஸ் நெமெசெக் இருவரும் 2018-இல் 'சயன்ஸ்' இதழில் வெளியிட்ட பெரிய ஆய்வில், பருவநிலைப் பாதிப்பில் மாட்டிறைச்சிக்கும் பருப்பு வகைகளுக்கும் உள்ள இடைவெளி மலைக்கும் மடுவுக்கும். உணவு எவ்வளவு தூரம் பயணம் செய்து வந்தது என்பது பெரும்பாலும் அதைவிடச் சின்ன விஷயம். அறையில் சமைப்பவர்கள் பருப்பை ஊறவையுங்கள், பாத்திரத்தை மூடுங்கள். போதும்.

விழா டி-ஷர்ட்டைப் பற்றி எனக்கு நிறையக் கோபம் இருக்கிறது, சுருக்கிச் சொல்கிறேன். ஒரு பருத்திச் சட்டைக்குச் சுமார் 2,700 லிட்டர் தண்ணீர் ஆகிறது என்பது பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. அதில் ஆண்டு எண்ணை அச்சிட்டால் மறுவருடம் அது தரை துடைக்கும் துணி. தொண்டர்களுக்கு அடையாளம் வேண்டுமென்றால் கையில் கட்டும் பட்டி போதும். திரும்ப வாங்கி வைத்துக்கொள்ளலாம்.

வாங்காதே என்று சொல்லும் நானே ஒன்றை வாங்கச் சொல்வேன்: மாதவிடாய்க் கப். சரியாகப் பராமரித்தால் பத்து வருடம் வரை வரும், ஒவ்வொரு சுழற்சிக்கும் நடுவே கொதிநீரில் போட்டெடுக்க வேண்டும். எல்லாருக்கும் ஒத்துவராது. பழக இரண்டு மூன்று மாதம் பிடிக்கும், தேர்வு மாதத்தில் தொடங்காதீர்கள்.

காகிதம் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. 80 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 80 கிராம்) ஏ4 தாள் ஒன்று 5 கிராம். ஆய்வேட்டு வரைவை இரண்டு பக்கமும் அச்சிட்டால் பாதி எடை குறையும். வழிகாட்டியிடம் பிடிஎஃப்-இல் திருத்தம் கேட்டால் முழுதும் குறையும், அவர் சம்மதித்தால். பயணத்தில் ஒரே கேள்வி விமானம். ஒரு நெடுந்தூர விமானப் பயணம் நீங்கள் வருடம் முழுக்கக் கெட்டிலில் மிச்சம் பிடித்ததை ஒரே மூச்சில் விழுங்கிவிடும். ரயில் இருக்கும் வழியில் ரயில். கருத்தரங்குக்கு இணையவழியில் பேச வாய்ப்பு உண்டா என்று கேட்க வெட்கப்பட வேண்டாம்.

கேட்கும் முறை

அறைக்குள் செய்வதற்கு ஓர் எல்லை உண்டு. கொதிகலன், கட்டடக் கண்ணாடி, மெஸ் ஒப்பந்தம், பல்கலைக்கழகத்தின் முதலீடு எல்லாம் நிர்வாகத்தின் கையில். 2011-இல் அமெரிக்காவின் ஸ்வார்த்மோர் கல்லூரி மாணவர்கள், புதைபடிவ எரிபொருள் நிறுவனங்களிலிருந்து கல்லூரிப் பணத்தை விலக்கச் சொல்லிக் கேட்கத் தொடங்கினார்கள். அந்தக் கோரிக்கை பல வளாகங்களுக்குப் பரவி, 2021 செப்டம்பரில் ஹார்வர்டும் அந்த முதலீடுகளைத் தொடரப்போவதில்லை என்று அறிவித்தது. கேட்டவர்களில் பலர் அதற்குள் படிப்பு முடித்துப் போயிருப்பார்கள்.

நம் அளவில், துணைவேந்தருக்கு மனு எழுதும் முன் பராமரிப்புப் பொறியாளரைப் போய்ப் பாருங்கள். எந்தக் கட்டடம் எவ்வளவு மின்சாரம் தின்கிறது என்று அவருக்குத்தான் தெரியும். பல வருடமாக அவரும் அதே மாற்றத்தைக் கேட்டுக் கேட்டு ஓய்ந்திருக்கலாம். அவர் கோரிக்கைக்கு மாணவர் கையெழுத்து சேர்ந்தால் கோப்பு நகரும். பட்ஜெட் எழுதும் மாதம் எது என்று கேட்டு, அதற்கு முன் கொடுங்கள். ஒரு மனுவில் ஒரு கோரிக்கை: "இரண்டு விடுதிகளின் ஷவர் தலைகளைக் குறைந்த நீர் வெளியிடும் வகைக்கு மாற்றுக" என்பதற்கு ஆம் அல்லது இல்லை என்று பதில் சொல்லியாக வேண்டும். "வளாகத்தைப் பசுமையாக்குக" என்பதற்கு ஒரு மரம் நட்டுப் படம் எடுத்து அனுப்பிவிடுவார்கள்.

அறைச் சாவி, சாமான் பதிவேடு, மின்அளவி எண்கள், பொறியாளரின் தொடர்பு இவற்றை ஒரே கோப்பில் வையுங்கள். ஒப்படைக்கும்போது இரண்டாம் ஆண்டு மாணவர்கள் இருவரிடம் கொடுங்கள். இறுதியாண்டை எட்டப்போகிறவருக்கு ஆர்வம் எவ்வளவு இருந்தாலும் வேலைத் தேடலும் புராஜெக்டும் வந்துவிடும். ஒருவரிடம் மட்டும் கொடுத்தால், அவர் விடுதி மாறிய அன்றே சாவி தொலையும்.