சிங்கம் பெரிதாக வேண்டுமா? நிழல் பாவை செய்து ஒளிப் பாடம் நடத்தும் முறை

பள்ளியில் கலை என்றதுமே நமக்கு மேடைதான் நினைவுக்கு வருகிறது. தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் 2022-23 முதல் கலைத் திருவிழா நடக்கிறது. நல்ல ஏற்பாடுதான், ஆனால் அது போட்டி. மேடை ஏறுகிறவர்கள் சிலர், கை தட்டுகிறவர்கள் பலர். நான் இங்கே சொல்லப்போவது நாற்பது நிமிடப் பாடவேளைக்குள், வகுப்பில் உள்ள அத்தனை பேரும் கை வைத்துச் செய்யக்கூடிய ஒன்றை. நிழல் பாவை செய்து ஆட்டியபடியே ஆறு, ஏழாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஒளியும் நிழலும் பற்றிய பாடத்தை நடத்தலாம். நான்கு பாடவேளைகள் ஒதுக்கிக்கொள்ளுங்கள்.

ஒரே ஒரு நிபந்தனை உண்டு. பாடத்தை முடித்துவிட்டு, வெள்ளிக்கிழமை கடைசி வேளையில் பொழுதுபோக்காக இதைச் செய்யாதீர்கள். ஆட்டத்துக்குள்தான் பாடம் இருக்கிறது. வரையறைகளைப் பிறகு எழுதிப்போடலாம்.

தேவையானவை

பழைய கல்யாணப் பத்திரிகை அட்டைகள், தென்னை ஈர்க்கு, தடித்த நூல், கோணி ஊசி, கத்தரிக்கோல், அளவு நாடா, ஒரு வெள்ளை நாலு முழ வேட்டி, டார்ச் உள்ள செல்போன் இரண்டு. சிவப்பும் பச்சையுமாகச் செலோஃபேன் தாள் கிடைத்தால் நல்லது. அசல் பாவைக்கூத்து போல இருக்கட்டும் என்று எண்ணெய் விளக்கு ஏற்றாதீர்கள். தொங்கும் வேட்டியும் சுடரும் குழந்தைகளும் ஒரே இடத்தில் இருக்கக் கூடாது.

படி 1: கதையைத் தேர்ந்தெடுங்கள்

விழிப்புணர்வு நாடகம் வேண்டாம். 'மரம் நடுவோம்' என்று பாவை பேச ஆரம்பித்தால் பிள்ளைகள் கொட்டாவி விடுவார்கள், நியாயமாகவே. சிங்கமும் முயலும் கதையை எடுத்துக்கொள்ளுங்கள். எல்லோருக்கும் தெரிந்த கதை, பாத்திரங்கள் குறைவு. எல்லாவற்றையும்விட முக்கியமாக, சிங்கம் கர்ஜிக்கும்போது அது பெரிதாக வேண்டும். அந்த ஒரு தேவையே பாதிப் பாடத்தை நடத்திவிடும்.

படி 2: பாவை செய்தல்

உருவத்தைப் பக்கவாட்டில் வரையச் சொல்லுங்கள். நேர்முகமாக வரைந்த சிங்கத்தின் நிழல் பூசணிக்காய் போலத்தான் விழும். பாவையின் உயரம் 15 செ.மீ. இருக்கட்டும்; அளக்கும்போது இந்த எண் உதவும்.

முகத்தில் பேனாவால் கண் வரைந்தால் திரையில் தெரியாது. இதை முன்கூட்டியே சொல்லிவிடாதீர்கள். வரைந்து, மீசை வைத்து, வண்ணமும் தீட்டிக் கொண்டுவந்து விளக்கின் முன் பிடிக்கட்டும். எல்லாம் ஒரே கறுப்பாக விழுந்ததும் ஒரு பிள்ளையாவது, "டீச்சர், கண்ணை ஓட்டையாக வெட்டிவிட்டால்?" என்று கேட்கும். ஒளி ஊடுருவாப் பொருள் என்ற பாடம் அங்கே முடிந்தது. தோல்பாவைகளில் நகை, ஆடைக் கரையெல்லாம் சிறுசிறு துளைகளாக இருப்பதும் இதனால்தான்.

அசையும் உறுப்பு ஒன்றே ஒன்று போதும்: சிங்கத்துக்குத் தாடை, முயலுக்குக் காது. இரண்டு அட்டைகளையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்து, கோணி ஊசியால் துளையிட்டு, நூலைக் கோத்து இருபுறமும் முடிச்சுப் போடுங்கள். முடிச்சு இறுகிவிட்டால் தாடை அசையாது. நடுவே ஒரு ஈர்க்கின் கனத்துக்கு இடைவெளி விட்டு முடிச்சுப் போட வேண்டும். உடலுக்கு ஒரு ஈர்க்கு, தாடைக்கு ஒரு ஈர்க்கு. ஒற்றை ஈர்க்கு துவண்டால் இரண்டைச் சேர்த்துக் கட்டுங்கள்.

நன்றாக வரையும் பிள்ளையிடமே எல்லாப் பாவைகளையும் கொடுத்துவிடும் பழக்கம் நம்மிடம் உண்டு. இங்கே அது தேவையே இல்லை. நிழலுக்கு ஓவியத் திறமை வேண்டாம், வெளிக்கோடு சரியாக இருந்தால் போதும்.

படி 3: திரை கட்டுதல்

வேட்டியை இரண்டு சன்னல் கம்பிகளுக்கு இடையே சுருக்கம் இல்லாமல் இழுத்துக் கட்டுங்கள். அதிலிருந்து 120 செ.மீ. பின்னால் ஒரு மேசையின் மேல் செல்போன் டார்ச். ஆட்டுபவர்கள் தரையில் உட்கார்ந்து பாவையை மட்டும் மேலே தூக்கிப் பிடிக்க வேண்டும்; எழுந்து நின்றால் அவர்கள் தலையும் கதைக்குள் வந்துவிடும்.

வகுப்பறையில் பகல் வெளிச்சம்தான் பெரிய தொல்லை. இருட்டாக்க முடியாவிட்டால் பெரிய அட்டைப்பெட்டி ஒன்றின் ஒரு பக்கத்தை வெட்டி, எண்ணெய் தடவிய வெள்ளைத் தாளை அதில் ஒட்டி, சிறிய திரையாக வைத்துக்கொள்ளுங்கள். எண்ணெய் தடவுவதற்கு முன்னும் பின்னும் அந்தத் தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கட்டும். ஒளி கசியும் பொருளுக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைக்காது.

படி 4: பத்து நிமிடம் சும்மா இருங்கள்

ஆசிரியருக்கு இதுதான் கடினமான படி. பாவைகளைக் கொடுத்துவிட்டுத் தள்ளி நில்லுங்கள். சிங்கத்தைப் பெரிதாக்க, பாவையை விளக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோக வேண்டும் என்று தாங்களே கண்டுபிடிப்பார்கள். அப்படிப் போகப் போக விளிம்பு மங்குவதையும் காண்பார்கள்.

இப்போது டார்ச்சை அணைத்துவிட்டு, டியூப் லைட் வெளிச்சத்தில் சுவரில் பாவையின் நிழலைப் பார்க்கச் சொல்லுங்கள். சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளிப் பிடித்தால் சிங்கமா பூனையா என்றே தெரியாது. ஒளி வரும் இடம் அகலமாக இருந்தால் நடுவில் கருநிழலும் சுற்றிலும் புறநிழலும் விழுகின்றன. டார்ச்சின் ஒளி சிறு புள்ளியிலிருந்து வருவதால் நிழல் கூர்மையாக இருக்கிறது. இந்தச் சொற்களை இப்போது கரும்பலகையில் எழுதுங்கள். அவற்றுக்கு உரிய பொருளை அவர்கள் கண்ணால் பார்த்துவிட்டார்கள்.

அடுத்து இரண்டு செல்போன்களையும் ஒரு சாண் இடைவெளியில் வையுங்கள். ஒரு சிங்கம் இரண்டாகும். பாவையைத் திரையோடு ஒட்டி வைத்தால் மறுபடியும் ஒன்றாகிவிடும். கேரளத்துப் பகவதி கோயில்களில், கம்பராமாயணப் பாடல்களைப் பாடி ஆட்டும் பாவைக்கூத்தில் 21 விளக்குகளை வரிசையாக ஏற்றி வைப்பது வழக்கம். அத்தனை விளக்குகள் இருந்தும் இராமன் ஏன் 21 இராமன்களாகத் தெரிவதில்லை என்று கேட்டுப் பாருங்கள். விடை அவர்கள் கையில் இருக்கும் ஈர்க்கிலேயே இருக்கிறது.

படி 5: அளந்து பாருங்கள்

விளக்குக்கும் திரைக்கும் இடையிலான 120 செ.மீ. மாறக் கூடாது. பாவையை மட்டும் நகர்த்தி, ஒவ்வொரு முறையும் நிழலின் உயரத்தை அளக்க வேண்டும். விளக்கிலிருந்து 120 செ.மீ. தொலைவில், அதாவது திரையை ஒட்டி வைத்தால், நிழல் 15 செ.மீ.; 60இல் 30; 40இல் 45; 30இல் 60. தொலைவையும் உயரத்தையும் பெருக்கச் சொல்லுங்கள். எல்லாம் 1800! அளவு நாடா கொஞ்சம் முன்பின் காட்டும். 1750, 1830 என்று வந்தால் திருத்தி எழுதவைக்காமல், எங்கே பிசகியது என்று பேசவிடுங்கள். எதிர் விகிதம் கணக்குப் பாடத்தில் வரும்போது இந்த அட்டவணையை அந்த ஆசிரியரிடம் கொடுத்துவிடலாம்.

படி 6: வண்ணம்

நேரம் இருந்தால் மட்டும். சிங்கத்தின் கண் துளையில் சிவப்புச் செலோஃபேன் ஒட்டினால் கண் சிவக்கும். சிவப்பின் மேல் பச்சையை வைத்தால் ஏறக்குறைய இருண்டுவிடும். தமிழ்நாட்டுத் தோல்பாவைகளில் ஆட்டுத்தோலை ஒளி கசியும் அளவுக்குப் பதப்படுத்தி வண்ணம் தீட்டுவதால்தான் திரையில் நிறங்கள் தெரிகின்றன.

படி 7: ஆட்டம்

எட்டுப் பேர் கொண்ட குழுவாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு ஐந்து நிமிடம் கொடுங்கள். வசனத்தை எழுதிக் கொடுக்காதீர்கள். முயல் உங்கள் ஊர்ப் பேச்சில் சிங்கத்தை ஏய்க்கட்டும். பேசக் கூச்சப்படும் பிள்ளைக்கு விளக்கையோ தாடை ஈர்க்கையோ கொடுங்கள். திரைக்குப் பின்னால் முகம் தெரியாது என்பதால் அதே பிள்ளை அடுத்த முறை குரல் கொடுக்க வந்துவிடுவதும் உண்டு.

கிணற்றுக் காட்சியில் ஒரு சிக்கல் வரும். தண்ணீருக்குள் தெரியும் சிங்கத்தை எப்படிப் பிடிப்பது, நேராகவா தலைகீழாகவா? சண்டை போடட்டும். ஒரு வாளித் தண்ணீருக்கு மேல் பாவையை நிறுத்திப் பார்த்து அவர்களே முடிவு செய்வார்கள். ஒளி எதிரொளிப்பை மறுநாள் அங்கிருந்து தொடங்குங்கள்.

பாவையின் அழகுக்கு மதிப்பெண் போடாதீர்கள். "சிங்கத்தின் பிடரி எப்போது மங்கலாகத் தெரிந்தது, ஏன்?" என்று கேட்டு நான்கு வரி எழுதச் சொன்னால் யாருக்குப் புரிந்தது என்று தெரிந்துவிடும்.

முடிந்ததும் பாவைகளின் ஈர்க்குகளைக் கழற்றிவிட்டு, செய்தித்தாளுக்கு இடையே தட்டையாக வைத்து மேலே கனமான பதிவேடு ஒன்றை வையுங்கள். மைதாப் பசை பட்ட அட்டையை எலி விடாது. தகரப் பெட்டியாக இருந்தால் அடுத்த ஆண்டுக்கும் மிஞ்சும்.