அடிக்கடி விழும் (கிராஷ் ஆகும்) கம்ப்யூட்டர்: நீலகிரி மலையில் இருப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கம்ப்யூட்டர் தானாக ரீஸ்டார்ட் ஆகிறது, இல்லையென்றால் நீலத்திரை வந்து நின்றுவிடுகிறது என்று யாரிடம் சொன்னாலும் முதலில் வரும் யோசனை, "ஃபார்மேட் பண்ணிடுங்க, சரியாயிடும்" என்பதுதான். தயவுசெய்து அதை முதல் வேலையாகச் செய்யாதீர்கள். எந்த நேரத்தில் விழுந்தது, விழும்போது விண்டோஸ் என்ன பிழையைக் குறித்துவைத்தது என்ற தடயமெல்லாம் அந்த டிஸ்க்கில்தான் இருக்கிறது, ஃபார்மேட் போட்டால் அது மொத்தமாகப் போய்விடும். ரேமோ (நினைவகச் சிப்கள் உள்ள பட்டை), எஸ்எம்பிஎஸ்ஸோ (கரன்டைக் கம்ப்யூட்டருக்கு ஏற்றபடி மாற்றித் தரும் பெட்டி) கெட்டிருந்தால் புது விண்டோஸும் அதே மாதிரிதான் விழும்.

நீலத்திரையில் என்ன எழுதியிருந்தது என்று கேட்டால் பெரும்பாலானவர்களுக்குத் தெரியாது, படிப்பதற்குள் மறைந்துவிடும். சிஸ்டம் பிராப்பர்ட்டீஸில் 'ஸ்டார்ட்அப் அண்ட் ரெகவரி' பகுதிக்குப் போய் 'ஆட்டோமேட்டிக்கலி ரீஸ்டார்ட்' என்ற டிக்கை எடுத்துவிடுங்கள். அடுத்த தடவை திரை அப்படியே நிற்கும், போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளலாம். அப்புறம் 'ரிலையபிலிட்டி மானிட்டர்' என்று தேடித் திறந்தால் எந்தத் தேதியில் எது விழுந்தது, அதே நாளில் எந்த டிரைவர் (உறுப்புகளை இயக்கும் மென்பொருள்) ஏறியது என்று வரிசையாகக் காட்டும். புது டிரைவர் ஏறிய நாளிலிருந்துதான் தொல்லை என்றால் அதைப் பழைய பதிப்புக்குத் திருப்பிப் பார்ப்பது ஐந்து நிமிட வேலை.

விண்டோஸ் நடந்ததையெல்லாம் குறித்துவைக்கும் ஈவென்ட் வியூவரில் 'கெர்னல் பவர் 41' என்று ஒரு வரி இருக்கும். பெயரில் பவர் இருக்கிறதே என்று எஸ்எம்பிஎஸ்ஸைக் கழற்றி எறிந்துவிட்டுப் புதிது வாங்குபவர்கள் நிறைய. போன தடவை ஒழுங்காக ஷட்டவுன் ஆகவில்லை, அவ்வளவுதான் அந்த வரியின் அர்த்தம். அதன் விவரத்துக்குள் 'பக்செக் கோட்' என்ற இடத்தைப் பாருங்கள். அங்கே ஓர் எண் இருந்தால் நீலத்திரை வந்து விழுந்திருக்கிறது, அந்த எண்ணை வைத்துத் தேடலாம். பூஜ்யமாக இருந்தால், பெரும்பாலும், பிழையைக் குறித்துவைக்கக்கூட நேரம் கிடைக்காமல் கரன்ட் அறுந்திருக்கும், அல்லது எல்லாம் உறைந்துபோய் நீங்களே பட்டனை அழுத்தி அணைத்திருப்பீர்கள்.

நீலகிரியில் அந்தப் பூஜ்யத்தைப் பார்த்தால் நான் முதலில் சந்தேகப்படுவது வீட்டு லைனைத்தான். 1932இலேயே பைக்காராவில் மின்சாரம் எடுக்க ஆரம்பித்த மலை இது, ஆனாலும் ஜூன், ஜூலையில் கூடலூர், தேவாலா பக்கம் காற்றும் மழையும் சேர்ந்து மரத்தைச் சாய்த்தால் லைன் போகிறது, அக்டோபர், நவம்பரில் குன்னூருக்கும் கோத்தகிரிக்கும் அதே பாடு. முழுதாகப் போகும் கரன்டைவிட ஒரு கணம் மினுங்கித் திரும்பும் கரன்ட்தான் ஏமாற்றும், ஏனென்றால் லைட் அணைந்தது யார் கண்ணிலும் பட்டிருக்காது. நல்ல எஸ்எம்பிஎஸ்கூட முழு லோடில் 16, 17 மில்லி நொடிதான் தாக்குப்பிடிக்கும், கேபினெட்டோடு இலவசமாக வரும் மலிவு வகையிடம் அதுவும் எதிர்பார்க்க முடியாது.

"யுபிஎஸ் இருக்கே" என்று நிம்மதியாக இருப்பது அடுத்த தவறு. உள்ளே இருக்கும் 12 வோல்ட் பேட்டரிக்கு இரண்டு மூன்று வருடம்தான் ஆயுள், குளிரில் ஈய பேட்டரியின் கொள்ளளவும் குறையும். பேட்டரி செத்த யுபிஎஸ், கரன்ட் இருக்கும்வரை பச்சை விளக்கோடு நன்றாகவே இருக்கும், மினுங்கும் அந்த நொடியில்தான் கைவிடும். கம்ப்யூட்டரைக் கழற்றிவிட்டு ஒரு பழைய 100 வாட்ஸ் குண்டு பல்பை யுபிஎஸ்ஸில் போட்டு, சுவரிலிருந்து பிளக்கைப் பிடுங்கிப் பாருங்கள். பல்பு உடனே அணைந்தால் விடை கிடைத்துவிட்டது. 600 விஏ என்று எழுதியிருப்பது 600 வாட்ஸ் இல்லை, பெரும்பாலும் 360 வாட்ஸ்தான், அதில் லேசர் பிரின்டரையும் சேர்த்து மாட்டினால் தாங்காது.

ரூம் ஹீட்டரையும் கம்ப்யூட்டரையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் போடுவது இங்கே டிசம்பர், ஜனவரியில் வீட்டுக்கு வீடு நடப்பது. 2,000 வாட்ஸ் ஹீட்டர் ஓடத் தொடங்கும்போது அந்த ஒயரிலேயே வோல்டேஜ் இறங்கும், பாக்ஸின் பிளக் பாயின்ட் தளர்ந்திருந்தால் சூடாகி உருகவும் செய்யும். அதைவிட முக்கியம் எர்த். கேபினெட்டின் இரும்பைத் தொட்டால் சுருசுருவென்று இருக்கிறது என்று பலர் சர்வசாதாரணமாகச் சொல்கிறார்கள். அது சாதாரணம் இல்லை, எஸ்எம்பிஎஸ் ஃபில்டரிலிருந்து கசியும் கொஞ்ச மின்சாரம் தரைக்குப் போக வழியில்லை என்று பொருள். மூன்று பின் பிளக்கை இரண்டு பின்னாக மாற்றும் அடாப்டரைத் தூக்கிப் போடுங்கள், எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த்துக்கும் நியூட்ரலுக்கும் நடுவே எத்தனை வோல்ட் என்று பார்க்கச் சொல்லுங்கள்.

கடைக்குக் கொண்டுபோனால் "அண்ணே, இங்க நல்லாத்தான் ஓடுது" என்பார்கள், வீட்டுக்கு வந்தால் மறுபடி விழும். உடனே சர்வீஸ்காரர் ஏமாற்றுகிறார் என்று நினைக்க வேண்டாம், அவர் சொன்னது உண்மையாகவே இருக்கலாம். வீட்டு லைன், பவர் கார்டு, யுபிஎஸ் இவற்றில் ஒன்றில்தான் கோளாறு என்பதற்கு அதைவிட நல்ல துப்பு கிடைக்காது. அடுத்த முறை பவர் கார்டையும் யுபிஎஸ்ஸையும் சேர்த்தே கொண்டுபோங்கள்.

"ஊட்டிக் குளிரில் கம்ப்யூட்டர் எப்படிச் சூடாகும்?" என்று கேட்பார்கள். சூடாகும். ஊட்டி கிட்டத்தட்ட 2,240 மீட்டர் உயரம், காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் முக்கால் பங்குக்குச் சற்று மேல், மெல்லிய காற்று குறைவாகத்தான் சூட்டை எடுத்துப் போகும். குளிர் அதை ஈடுகட்டிவிடும்தான், ஆனால் காற்று உள்ளே போக வேண்டுமே. பனி படக்கூடாதென்று கேபினெட்டுக்குத் துணி போர்த்தி மேசை அறைக்குள் அடைத்துவிட்டால், விறகடுப்புப் புகை படிந்த ஃபேனும் சேர்ந்துகொள்ள, வெளியே 10 டிகிரி இருந்தாலும் பிராசசர் 100 டிகிரிக்கு மேல் போய் அணைந்துவிடும். 'கோர் டெம்ப்' மாதிரி ஓர் இலவச மென்பொருளில் வெப்பத்தைப் பார்த்துக்கொண்டே வேலை கொடுங்கள், கேம், வீடியோ ரெண்டரிங் மாதிரிக் கனமான வேலையில் மட்டும் அணைகிறதென்றால் சூடோ எஸ்எம்பிஎஸ்ஸோதான்.

ஈரத்துக்குப் பயந்து மழைக்காலம் முழுக்க அணைத்தே வைப்பதும் தவறு. ஓடும் இயந்திரம் அறையைவிடச் சூடாக இருப்பதால் உள்ளே ஈரம் தங்காது. தினமும் கொஞ்ச நேரமாவது ஓடட்டும், ஜன்னலோரத்தில் மட்டும் வைக்காதீர்கள்.

ரேமுக்கு வருவோம். கரன்டை அணைத்து, பிளக்கையும் பிடுங்கிவிட்டு, ரேமை எடுத்து அதன் தங்கநிற முனைகளைத் துடைத்துத் திரும்ப மாட்டினாலே பல இயந்திரங்கள் சரியாகிவிடும். அப்படி ஆகவில்லையென்றால் ரேம், எஸ்எம்பிஎஸ், டிரைவர் எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றாதீர்கள், சரியானாலும் எதனால் சரியானது என்று தெரியாது, சரியாகவில்லையென்றால் பணமும் போச்சு. ஒரு ரேம் ஸ்டிக்கை மட்டும் போட்டு, ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86ஐ ராத்திரி முழுக்க ஓட விடுங்கள், பிறகு அடுத்த ஸ்டிக். பயாஸில் (கம்ப்யூட்டர் எழும்போது முதலில் ஓடும் மென்பொருள்) எக்ஸ்எம்பி, அதாவது ரேமை வழக்கத்தைவிட வேகமாக ஓட்டும் அமைப்பு, போட்டிருந்தால் அதை அணைத்தும் ஒருமுறை பாருங்கள்.

டிஸ்க்கில் சந்தேகம் என்றால் உடனே 'செக்டிஸ்க்' என்ற விண்டோஸின் டிஸ்க் சோதனையை ஓட்டாதீர்கள். சாகக் கிடக்கும் டிஸ்க்கை அதன் முழுச் சோதனை மூலைமுடுக்கெல்லாம் படிக்கவைக்கும், பாதியில் டிஸ்க் போய்விட்டால் உள்ளே இருந்தது எதுவும் மிஞ்சாது. முதலில் பேக்கப், அப்புறம்தான் மற்றதெல்லாம்.

இன்டெல்லின் 13, 14ஆம் தலைமுறை டெஸ்க்டாப் பிராசசர் வைத்திருப்பவர்கள் இதைத் தனியாகக் கவனிக்க வேண்டும். அவற்றில் பலவற்றுக்கு அளவுக்கு மீறிய வோல்டேஜ் போய் நிலைகுலைகிறது என்று 2024இல் இன்டெல்லே ஒப்புக்கொண்டது, ஆகஸ்டில் திருத்திய மைக்ரோகோட் (பிராசசருக்குள்ளேயே ஓடும் கட்டளைத் தொகுப்பு) தந்தது, வாரண்டியையும் இரண்டு வருடம் நீட்டித்தது. அந்தத் திருத்தம் பயாஸ் அப்டேட்டாகத்தான் வரும். ஏற்கெனவே சேதமான சிப்பை அது குணப்படுத்தாது, அதற்கு வாரண்டியில் மாற்றுவதுதான் வழி. காற்றும் மழையுமான நாளில், யுபிஎஸ் இல்லாமல் பயாஸ் அப்டேட்டைத் தொடவே கூடாது, நடுவில் கரன்ட் போனால் மதர்போர்டே எழுந்திருக்காமல் போகலாம்.

கடைசியில் கோயம்புத்தூருக்குத்தான் கொண்டுபோக வேண்டும் என்றால், கனமான கிராஃபிக்ஸ் கார்டைக் கழற்றித் தனியாகச் சுற்றி வையுங்கள், கொண்டை ஊசி வளைவுகளில் அது ஆடி ஆடி ஸ்லாட்டையே உடைத்துவிடும். குளிர்ந்த இயந்திரம் கீழே போனதும் வெப்பக்காற்றின் ஈரம் உள்ளே முத்து முத்தாகப் படியும், அதனால் போய்ச் சேர்ந்த உடனே ஆன் செய்ய வேண்டாம், ஒன்றிரண்டு மணி நேரம் சும்மா வைத்திருக்கச் சொல்லுங்கள். நீலத்திரைப் படத்தையும் விழுந்த தேதி, நேரத்தையும் ஒரு தாளில் எழுதி கேபினெட்டிலேயே ஒட்டிக் கொடுங்கள்.