கல்ஃபில் பிள்ளைக்குப் பள்ளி பார்க்கும் குமரி மாவட்டப் பெற்றோருக்கு

துபாயிலோ தோஹாவிலோ குடும்ப விசா கிடைத்ததும் எல்லாரும் கேட்பது, "அங்க எந்த ஸ்கூல் நல்லது?" என்றுதான். அதற்கு முன்னால் முடிவு செய்ய வேண்டியது ஒன்று உண்டு: பிள்ளை பன்னிரண்டாம் வகுப்பை எங்கே எழுதப் போகிறது, கல்லூரி எந்த ஊரில்? மார்த்தாண்டம், தக்கலை, நாகர்கோவில் பக்கத்திலிருந்து வளைகுடாவுக்குப் போகிற குடும்பங்களில் பெரும்பாலானவை ஒருநாள் ஊர் திரும்புகிறவை. வேலை இருக்கிறவரைதான் அங்கே விசா. அப்பாவின் வேலை நவம்பரில் போனால் பிள்ளையின் படிப்பும் நவம்பரிலேயே ஊருக்கு வர வேண்டியிருக்கும். ஆகவே திரும்பி வரும் வழியை முதலில் பார்த்துவிட்டு, அங்கிருந்து பின்னோக்கிப் பள்ளியைத் தேடுங்கள்.

பாடத்திட்டமும் வகுப்புக் கணக்கும்

ஊர் திரும்பும் எண்ணம் இருந்தால் சிபிஎஸ்இ பள்ளியே பாதுகாப்பு. அதே என்சிஇஆர்டி புத்தகம், அதே பொதுத்தேர்வு. நடு வருடத்தில் வந்தாலும் நாகர்கோவிலில் ஒரு சிபிஎஸ்இ பள்ளியில் விட்ட பாடத்திலிருந்து தொடரலாம். நிறுவனம் உங்களைத் துபாயிலிருந்து மஸ்கட்டுக்கு மாற்றினாலும் அங்கும் சிபிஎஸ்இ பள்ளி இருக்கும்.

பிரிட்டிஷ் பள்ளியில் முதலில் புரிந்துகொள்ள வேண்டியது வகுப்பு எண். அங்கே 'இயர் 2' என்பது நம்முடைய ஒன்றாம் வகுப்பு. 'இயர் 11' நம்முடைய பத்து. 'இயர் 13' நம்முடைய பன்னிரண்டு. 'இயர் 6' முடித்து வரும் பிள்ளைக்கு இங்கே ஆறாம் வகுப்பில்தான் இடம், ஏழில் இல்லை. அந்தப் பள்ளிகளின் வருடம் ஆகஸ்ட் கடைசியில் தொடங்கி ஜூன் கடைசி, ஜூலை வரை போகும். நம் மாநிலப் பாடத்திட்டப் பள்ளிகள் ஜூனிலேயே திறந்துவிடுவதால் திரும்பி வருகிற பிள்ளை முதல் சில வாரப் பாடத்தை இழக்கும். வளைகுடாவில் உள்ள இந்தியப் பள்ளிகளோ ஏப்ரலில் தொடங்கி மார்ச்சில் முடிப்பவை. ஜூலை, ஆகஸ்ட் கோடை விடுமுறை. இங்கே ஏப்ரலில் ஐந்தாம் வகுப்பு முடித்து மே கடைசியில் விமானம் ஏறும் பிள்ளை, அங்கே ஆறாம் வகுப்பில் இரண்டு மாதப் பாடம் ஓடிய பிறகுதான் போய் உட்காரும். அந்த இரண்டு மாதப் புத்தகத்தை இங்கேயே வாங்கிப் படிக்க வைத்துவிட்டுக் கூட்டிச் செல்லுங்கள்.

ஐபி டிப்ளமா (பதினொன்று, பன்னிரண்டுக்கு இணையான ஒரு சர்வதேசப் படிப்பு) பற்றி ஒரு எச்சரிக்கை. அதன் வழக்கமான அமைப்பில் இயற்பியல், வேதியியல், உயிரியல் மூன்றையும் சேர்த்து எடுக்க இடம் கிடையாது. நீட் எழுத அந்த மூன்றும் ஆங்கிலமும் வேண்டும். மூன்றையும் எடுக்கச் சிறப்பு ஏற்பாடு உண்டு. ஆனால் பள்ளி அதற்கு முன்கூட்டியே அனுமதி வாங்கித் தர வேண்டும். பதினொன்றாம் வகுப்புச் சேர்க்கைக்கு முன்பே எழுத்தில் உறுதி வாங்குங்கள். ஐபி, கேம்பிரிட்ஜ் சான்றிதழோடு இந்தியக் கல்லூரிக்கு வரும்போது அது நம் பன்னிரண்டாம் வகுப்புக்குச் சமம் என்று இந்தியப் பல்கலைக்கழகங்கள் சங்கம் தரும் இணைச் சான்றும் கேட்கப்படும். பிள்ளை மேற்படிப்புக்கு லண்டனோ மெல்பர்னோ போவது உறுதி என்றால் பிரிட்டிஷ், ஐபி பள்ளிகளுக்குக் கூடுதல் பணம் கட்டுவதில் பொருள் உண்டு. அந்த உறுதி இல்லாதபோது பெயருக்காக அங்கே சேர்ப்பதை ஊக்குவிக்க முடியாது.

சின்னப் பிள்ளைகளுக்கு வயது வரம்பு இடறும். தமிழ்நாட்டில் ஜூலை 31இல் ஐந்து வயது நிறைந்தால் ஒன்றாம் வகுப்பு. அமீரகத்தில் ஏப்ரலில் தொடங்கும் பள்ளிகளில் மார்ச் 31இல் ஆறு வயது நிறைந்திருக்க வேண்டும். இங்கே ஒன்றாம் வகுப்பில் இருக்கும் பிள்ளையை அங்கே கேஜியில் போடச் சொல்ல வாய்ப்பு உண்டு. எந்த வகுப்பு என்பதை டிக்கெட் எடுப்பதற்கு முன் மின்னஞ்சலில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

மொழியில்தான் அதிகம் பேர் மாட்டிக்கொள்கிறார்கள்

மாநிலப் பாடத்திட்டத்தில் படித்த பிள்ளைக்கு இந்தி எழுத்தே தெரியாது. வளைகுடாவின் பல சிபிஎஸ்இ பள்ளிகளில் இந்தி இரண்டாம் மொழியாகவோ மூன்றாம் மொழியாகவோ நடுநிலை வகுப்புகள்வரை தொடரும். ஆறாம் வகுப்பில் போய்ச் சேரும் பிள்ளை, ஐந்து வருடம் இந்தி படித்தவர்களோடு உட்கார்ந்து பத்தி பத்தியாக எழுத வேண்டும். கணக்கில் முதலிடம் வாங்கும் பிள்ளைகூட இதில் துவண்டுவிடும். அமீரகத்தில் இதோடு அரபியும் ஒன்பதாம் வகுப்புவரை கட்டாயம். ஆகவே சேர்க்கை அலுவலகத்தில் இந்த நான்கையும் கேளுங்கள்: இரண்டாம் மொழியாக எவையெவை உண்டு? மூன்றாம் மொழி எந்த வகுப்புவரை? இந்தியிலும் அரபியிலும் புதிதாகச் சேர்பவர்களுக்குத் தனிப் பிரிவு உண்டா? தமிழ் உண்டா?

தமிழ் உண்டு என்று சொன்னால் அதோடு விடாதீர்கள். எந்த வகுப்புவரை, எத்தனை பிள்ளைகள் சேர்ந்தால் நடத்துவார்கள், முழுநேர ஆசிரியர் இருக்கிறாரா என்று கேளுங்கள். சிபிஎஸ்இ பத்தாம் வகுப்புத் தேர்வில் தமிழ் ஒரு பாடமாகவே இருக்கிறது, குறியீட்டு எண் 006. ஆனால் ஐந்தாம் வகுப்போடு தமிழை நிறுத்திவிட்டு ஆறிலிருந்து இந்தி அல்லது மலையாளம் மட்டும் என்று சொல்லும் பள்ளிகளும் உண்டு. வீட்டில் மலையாளமும் புழங்குகிற விளவங்கோடு, கல்குளம் பக்கத்துக் குடும்பங்கள், 'மலையாளம் எளிதாச்சே' என்று அதை எடுத்துவிடுகிறார்கள். எட்டாம் வகுப்பில் ஊர் திரும்பும்போதுதான் சிக்கல் தெரியும். 2006ஆம் ஆண்டின் தமிழ் கற்றல் சட்டப்படி இங்கே பத்தாம் வகுப்புவரை தமிழ் படித்தாக வேண்டும். வெளியிலிருந்து வந்தவர்களுக்கு விலக்கு கேட்டு விண்ணப்பிக்க வழி உண்டு என்றாலும், அதை நம்பித் தமிழைக் கைவிடுவது சரியில்லை. டிஎன்பிஎஸ்சி தேர்வுகளில் பத்தாம் வகுப்புத் தரத்தில் தமிழ்த் தகுதித் தாளில் 40 விழுக்காடு எடுத்தால்தான் மற்ற தாளைத் திருத்துவார்கள்.

பள்ளியில் தமிழே இல்லையென்றால் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மழலைக் கல்வியில் தொடங்கும் சான்றிதழ்ப் படிப்புகள் வெளிநாட்டுப் பிள்ளைகளுக்காகவே உள்ளன. கூடவே நம் மாநிலப் பாடநூலை இணையத்தில் இறக்கி, தினம் ஒரு பத்தி வாசிப்பு, ஐந்து வரி சொல்வதெழுதல் என்று வீட்டில் நடத்தினால் எழுத்து கைவிட்டுப் போகாது. பேச்சு மட்டும் போதாது. திரும்பி வரும் பிள்ளைகள் தடுமாறுவது ல, ழ, ள எழுதுவதில்தான்.

பள்ளியைப் பார்க்கும் விதம்

முதலில் அங்கீகாரம். 'சிபிஎஸ்இ பாடத்திட்டம்' என்று பலகையில் எழுதியிருப்பதும் சிபிஎஸ்இ இணைப்பு பெற்றிருப்பதும் வேறு வேறு. சிபிஎஸ்இயின் சராஸ் இணையதளத்தில் பள்ளியின் பெயரைப் போட்டு, இணைப்பு பத்தாம் வகுப்புவரையா பன்னிரண்டுவரையா, எந்த வருடம் முடிகிறது என்று பாருங்கள். பத்துவரை மட்டும் என்றால் பதினொன்றுக்கு மறுபடி இடம் தேட வேண்டும். அந்த வகுப்பில் நல்ல பள்ளிகளில் காலியிடம் குறைவு.

துபாய் என்றால் அங்குள்ள தனியார் பள்ளிகளைக் கண்காணிக்கும் அரசு அமைப்பான கேஎச்டிஏவின் ஆய்வு அறிக்கை இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும். அபுதாபிக்கு ஏடெக், ஷார்ஜாவுக்கு ஸ்பியா. முதல் பக்கத்தில் 'மிகச்சிறப்பு', 'நன்று' என்றிருப்பதை மட்டும் பார்த்து மூடிவிடாதீர்கள். துபாய் அறிக்கையில் ஆசிரியர் எண்ணிக்கை, ஓர் ஆசிரியருக்கு எத்தனை மாணவர், வருடத்தில் எத்தனை விழுக்காடு ஆசிரியர்கள் விலகினார்கள் என்பதும் இருக்கும். இந்தக் கடைசி எண்தான் பேசும். நான்கில் ஒருவர் வருடந்தோறும் விலகினால் பிள்ளைக்கு நடுவருடத்தில் கணக்கு ஆசிரியர் மாறுவது வழக்கமாகிவிடும். அறிக்கையின் ஆண்டையும் பாருங்கள்: துபாயில் 2024-25இல் பழைய பள்ளிகளுக்கு முழு ஆய்வு நடத்தப்படவில்லை.

சவூதியில் ரியாத், ஜித்தா, தமாம், ஜுபைல் ஆகிய இடங்களில் இந்தியத் தூதரகத்தின் ஆதரவில் நடக்கும் சர்வதேச இந்தியப் பள்ளிகள் உண்டு. ஓமனிலும் இந்தியப் பள்ளிகளுக்கென்று நிர்வாக வாரியம் இருக்கிறது. மஸ்கட் பகுதிப் பள்ளிகளுக்கு ஒரே இணைய விண்ணப்பம். இவற்றின் கட்டணம் தாங்கக்கூடியது, ஆனால் வகுப்பில் பிள்ளைகள் அதிகம். ஒரு பிரிவில் எத்தனை பேர் என்று கேளுங்கள். ஆண், பெண் பிள்ளைகளுக்குத் தனித்தனி வளாகம் என்றால் அண்ணனும் தங்கையும் வேறு பஸ், வேறு நேரம். அம்மாவும் வேலைக்குப் போகிற வீட்டுக்கு இது பெரிய விஷயம்.

பஸ்ஸைத் தனியாகச் சொல்ல வேண்டும். பள்ளி ஏழு, ஏழரைக்கே தொடங்கும். பிள்ளையை ஏற்றும் முதல் நிறுத்தமாக உங்கள் கட்டடம் அமைந்துவிட்டால் ஐந்தே முக்காலுக்கு வாசலில் நிற்க வேண்டியிருக்கும். திரும்பும்போது மே, ஜூன் வெயிலில் ஒரு மணி நேரப் பயணம். வீடு பார்ப்பதற்கு முன்பே பஸ் பொறுப்பாளரிடம் பேசி, அந்தத் தெருவுக்கு வண்டி உண்டா, எத்தனை மணிக்கு ஏற்றி எத்தனை மணிக்கு இறக்குவார்கள் என்று கேளுங்கள். வாடகையில் மாதம் 300 திர்ஹாம் மிச்சம் என்று தள்ளி வீடு எடுத்து, பஸ்ஸிலும் தூக்கத்திலும் அதைவிட அதிகம் இழக்கிற குடும்பங்கள் நிறைய.

செலவு

துபாயில் ஒவ்வொரு பள்ளியின் கட்டண அட்டையையும் கேஎச்டிஏ வெளியிடுகிறது. வகுப்பு வாரியாக இருக்கும் அந்த அட்டையில் பிள்ளை இப்போது சேரும் வகுப்பைப் பார்த்த கையோடு, நான்கு வருடம் கழித்து இருக்கப்போகும் வகுப்பின் வரியையும் பாருங்கள். ஒன்றாம் வகுப்புக்குத் தாங்கும் சம்பளம் ஒன்பதாம் வகுப்புக்குத் தாங்காமல் போகலாம்.

ஒரு மாதிரிக் கணக்கு: கல்விக் கட்டணம் 9,000 திர்ஹாம், பஸ் 4,000, புத்தகம், சீருடை 1,500 என்று வைத்துக்கொண்டால் வருடம் 14,500, மாதம் ஏறத்தாழ 1,200. இரண்டு பிள்ளைகள் என்றால் 2,400. அமீரகத்தில் குடும்பத்தை அழைக்க 4,000 திர்ஹாம் சம்பளம், அல்லது 3,000மும் தங்குமிடமும் போதும் என்பது விசா விதி மட்டுமே. அந்தச் சம்பளத்தில் இரண்டு பிள்ளைகளைப் படிக்க வைக்க முடியாது. சவூதியில் குடும்ப உறுப்பினர் ஒருவருக்கு மாதம் 400 ரியால் அரசுக் கட்டணம் உண்டு. மனைவி, இரண்டு பிள்ளைகள் என்றால் பள்ளிக் கட்டணத்துக்கு முன்பே வருடம் 14,400 ரியால் போகும். நிறுவனம் கல்விப்படி தருகிறதா, பஸ்ஸுக்கும் சேர்த்தா என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குங்கள். வாய்ச்சொல்லாக இருந்தால் மேலாளர் மாறியதும் அதுவும் மாறும்.

எட்டாம் வகுப்புக்கு மேல்

பிள்ளை ஒன்பதில் இருந்தால் மாற்றத்தை ஏழு முறை யோசியுங்கள். சிபிஎஸ்இயில் ஒன்பதும் பத்தும் சேர்ந்த படிப்பு. ஒன்பதில்தான் வாரியத்தில் பதிவு நடக்கும். மாநிலப் பாடத்திட்டத்தில் ஒன்பது முடித்துவிட்டு சிபிஎஸ்இ பத்தில் நேரே நுழைவது மிகக் கடினம். பதினொன்றுக்கும் பன்னிரண்டுக்கும் அதே நிலைமை. போவதாக இருந்தால் ஏழு, எட்டுக்குள் போங்கள். வருவதாக இருந்தால் எட்டு முடித்தோ பத்து முடித்தோ வாருங்கள்.

ஒன்பதாம் வகுப்புப் பதிவின்போது பள்ளி தரும் சரிபார்ப்புத் தாளைப் பெற்றோர் இருவரும் எழுத்து எழுத்தாகப் பார்க்க வேண்டும். நம் ஊரில் இனிஷியலோடு பெயர். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் விரிந்து குடும்பப் பெயராக நிற்கும். பிறப்புச் சான்றிதழில் இன்னொரு விதம். அந்தத் தாளில் போகிற பெயரும் பிறந்த தேதியும்தான் பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழில் அச்சாகும். பாஸ்போர்ட்டோடு ஒத்துப் போகாவிட்டால் பின்னாளில் திருத்த மாதக்கணக்கில் அலைய வேண்டும்.

கல்லூரிக்கு வரும்போது: பொறியியல் கலந்தாய்வில் 8 முதல் 12 வரை தமிழ்நாட்டில் படிக்காதவர்களுக்கு நேட்டிவிட்டி சான்றிதழ் வேண்டும். உங்கள் தாலுகா தாசில்தாரிடமிருந்து இ-சேவை மையம் வழியாக வாங்குவது. ரேஷன் கார்டில் பெயரை எடுத்துவிட்டு, வீட்டு வரி ரசீதும் இல்லாமல் போனால் இது இழுத்தடிக்கும். ஆகவே ஊர் முகவரிச் சான்றுகளை உயிரோடு வைத்திருங்கள். மறுபக்கம், வளைகுடாவில் வேலை செய்யும் இந்தியர்களின் பிள்ளைகளுக்கென்று என்ஐடிகளிலும் அண்ணா பல்கலைக்கழகத்திலும் தனி இடங்கள் உண்டு. பதினொன்று, பன்னிரண்டை அங்கேயே முடிப்பவர்கள் அந்தந்த வருட அறிவிப்பைப் பார்த்து விண்ணப்பிக்கலாம். அரசுப் பள்ளிப் பிள்ளை என்றால் இன்னொன்று: 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கான 7.5 விழுக்காடு ஒதுக்கீடு, இடையில் வெளியே போய்ப் படித்தால் போய்விடும். மருத்துவக் கனவுள்ள வீட்டில் இதை எடைபோட்டே முடிவெடுங்கள்.

தாள்கள்

போகும்போது பள்ளியில் டிசி வாங்கினால் மட்டும் போதாது. மாணவர் விவரங்களைப் பதியும் மாநில அரசின் எமிஸ் தளத்தில் பிள்ளையின் பெயரைப் பொதுத் தொகுப்புக்கு மாற்றிவிட்டார்களா என்று கேளுங்கள். மாற்றாவிட்டால் திரும்பி வந்து வேறு பள்ளியில் சேர்க்கும்போது பழைய பள்ளியைத் தேடி ஓட வேண்டியிருக்கும். எமிஸ் எண்ணைக் குறித்து வையுங்கள். டிசியில் மாவட்டக் கல்வி அலுவலரின் மேலொப்பம், பிறகு மாநில அளவிலான சான்றொப்பம், வெளியுறவு அமைச்சகம் என்று வரிசை. சவூதி 2022 டிசம்பரிலிருந்து அப்போஸ்டில் முறையில் (தூதரக முத்திரை இல்லாமல் வெளியுறவு அமைச்சகச் சான்றே செல்லும் முறை) இருப்பதால் அத்தோடு முடியும். அமீரகத்துக்கு அந்நாட்டுத் தூதரக முத்திரையும் வேண்டும். இதற்கு வாரக்கணக்கில் ஆகும்; டிசியை விமான டிக்கெட்டுக்கு முந்தின வாரம் வாங்கி, அங்கே போய் 'சான்றொப்பம் இல்லை' என்று பிள்ளையை வீட்டில் உட்கார வைப்பதுதான் அடிக்கடி நடக்கிறது. தடுப்பூசி அட்டை, கடைசி இரண்டு வருட மதிப்பெண் அட்டை, பெயரோடு கூடிய பிறப்புச் சான்றிதழ் ஆகியவற்றின் அசலைக் கைப்பையில் வையுங்கள், லக்கேஜில் போடாதீர்கள்.

திரும்பும்போதும் இதே வேலை தலைகீழாக உண்டு. அங்குள்ள பள்ளியில் பாக்கி இல்லை என்ற சீட்டு, டிசி, அந்நாட்டுக் கல்வி அதிகாரத்தின் முத்திரை, இந்தியத் தூதரகத்தின் மேலொப்பம், பத்து முடித்திருந்தால் மைகிரேஷன் சான்றிதழ். விசா ரத்தானால் கையில் இருக்கும் நாட்கள் குறைவு. ரத்துக்குக் கையெழுத்துப் போடுவதற்கு முன்பே டிசிக்கு விண்ணப்பித்துவிடுங்கள்.