பல்கலைக்கழகங்களில் ஆய்வாளர் பணியிடங்களைத் தேடிக் கண்டடையும் முறை

முதுகலை முடித்து ஆய்வுக்கு வர விரும்புவோர், இந்தியப் பல்கலைக்கழகங்களில் உதவித்தொகை பெரும்பாலும் இரண்டு வழிகளில் கிடைக்கிறது என்பதை முதலில் அறிந்துகொள்ள வேண்டும். ஒன்று, நெட் எனும் தேசியத் தகுதித் தேர்வின் வழியாகப் பெறும் ஜே.ஆர்.எஃப். எனும் இளநிலை ஆய்வு உதவித்தொகை. இது மாணவரின் பெயருக்கே வழங்கப்படுவதால், நெறியாளரையும் பல்கலைக்கழகத்தையும் அவர் பிறகு தேடிக்கொள்ளலாம். மற்றொன்று, பேராசிரியர் ஒருவர் நிதி பெற்று நடத்தும் ஆய்வுத் திட்டத்தில் உருவாகும் பணியிடம்.

முதல் வழி ஓரளவு எல்லோரும் அறிந்ததே. யு.ஜி.சி. (பல்கலைக்கழக மானியக் குழு) நெட் தேர்வு ஜூன், டிசம்பர் என ஆண்டுக்கு இரண்டு பருவங்களுக்கு நடத்தப்படுகிறது. அறிவியல் பாடங்களுக்கு சி.எஸ்.ஐ.ஆர். (அறிவியல், தொழிலக ஆய்வு மன்றம்) நெட் தனியாக உண்டு. 2023 ஜனவரி 1 முதல் ஜே.ஆர்.எஃப். தொகை மாதம் 37,000 ரூபாயாகவும், அடுத்த நிலையான எஸ்.ஆர்.எஃப். (முதுநிலை ஆய்வு உதவித்தொகை) தொகை 42,000 ரூபாயாகவும் உயர்த்தப்பட்டன. வீட்டு வாடகைப்படி தனி.

இரண்டாம் வழியில்தான் நல்ல மாணவர்கள் பலர் வாய்ப்பைத் தவறவிடுகிறார்கள். திட்டப் பணியிட அறிவிப்புகள் நாளிதழ்களில் அரிதாகவே வருகின்றன. பல்கலைக்கழக இணையதளத்தில் ஏதோ ஒரு மூலையில் இரண்டு பக்க பி.டி.எஃப். கோப்பாக வெளியாகி, சில வாரங்களிலேயே கடைசித் தேதி முடிந்துவிடுகிறது. சென்னை ஐ.ஐ.டி. போன்ற நிறுவனங்கள் திட்டப் பணிகளுக்கெனத் தனிப் பக்கமே வைத்திருக்கின்றன. அதை வாரம் ஒருமுறை பார்ப்பது போதும். மற்ற இடங்களில் அறிவிப்புக்காகக் காத்திருப்பதைவிட, பணம் எங்கே வந்திருக்கிறது என்று தேடுவதே மேல் என்பது என் உறுதியான கருத்து.

அதற்கு எளிய வழி உண்டு. உங்கள் துறையில் அண்மையில் வெளியான கட்டுரைகளின் இறுதியிலுள்ள நன்றியுரைப் பகுதியைப் படியுங்கள். நிதியளித்த நிறுவனத்தின் பெயரும் திட்ட எண்ணும் அங்கே இருக்கும். பல்கலைக்கழக ஆண்டறிக்கைகள் பலவற்றில், நடைபெறும் திட்டங்களின் தலைப்பு, முதன்மை ஆய்வாளர் (திட்டத்தை நடத்தும் பேராசிரியர்), தொகை, காலம் ஆகியவை அட்டவணையாகவே தரப்பட்டிருக்கும். இந்தியப் பல்கலைக்கழக ஆய்வேடுகளைத் தொகுத்து வைத்துள்ள சோத்கங்கா தளத்தில் அப்பேராசிரியரின் வழிகாட்டலில் வந்த ஆய்வேடுகளைப் பார்த்தால், அவர் எத்தகைய ஆய்வை வழிநடத்துகிறார் என்பது புரியும்.

பிறகு அவருக்கு மின்னஞ்சல் எழுதுங்கள். அவருடைய கட்டுரை ஒன்றைக் குறிப்பிட்டு, அதில் உங்களுக்கு எழுந்த கேள்வியையும், உங்களுக்குக் கைவந்த ஆய்வக அல்லது களப்பணித் திறனையும், நெட் அல்லது கேட் (பொறியியல், அறிவியல் பட்டதாரிகளுக்கான தகுதித் தேர்வு) தகுதி இருந்தால் அதையும் பத்து வரிக்குள் சொல்லுங்கள். ஐம்பது பேருக்கு ஒரே கடிதத்தை அனுப்புவது மரியாதைக் குறைவு. அத்தகைய கடிதம் பார்த்தவுடனே தெரிந்துவிடும்.

அறிவிப்பு கிடைத்ததும் ஒவ்வொரு வரியையும் கவனமாகப் படியுங்கள். ‘முற்றிலும் தற்காலிகமானது, திட்டம் முடிவடையும்போது பணியும் முடிவடையும்’ என்ற வரி ஏறக்குறைய எல்லா அறிவிப்பிலும் இருக்கும். ஆகவே, திட்டத்தில் இன்னும் எத்தனை மாதங்கள் எஞ்சியுள்ளன, முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்ய அனுமதி உண்டா, முந்தைய ஆய்வாளர் இடையில் விலகியதால் வந்த காலியிடமா என்பவற்றைப் பணியை ஏற்பதற்கு முன்பே தயங்காமல் கேளுங்கள். நிதித் தவணை தாமதமானால் உதவித்தொகையும் மாதக்கணக்கில் தள்ளிப்போகக்கூடும் என்பதால், அந்த ஆய்வகத்தில் இப்போது பணியாற்றுபவரிடம் தொகை எப்படி வந்து சேர்கிறது என்பதையும் நேரில் விசாரித்துக்கொள்ளுங்கள்.