ராமநாதபுரம் கடலோரத்தில் பழைய ஜீப்புகளோடு இரண்டு நாள் தங்க

பழைய ஜீப் வைத்திருக்கும் பத்துப் பேர் சேர்ந்து சனி, ஞாயிறு எங்கள் கடலோரத்தில் கூடாரம் போட்டுத் தங்க நினைத்தால், வண்டி வேலையை அப்புறம் பார்க்கலாம். ஒரு மாதம் முன்னாலேயே ஒருவர் பஸ் ஏறி வந்து, தங்கப்போகும் ஊரில் நேரில் பேசிவிட்டுப் போக வேண்டும். மற்ற எல்லாம் அதற்குப் பிறகுதான்.

எனக்கு ராமநாதபுரத்தில் டீசல் வண்டிப் பட்டறை. சித்தப்பா தனுஷ்கோடியில் ஜீப் ஓட்டியவர். 2017-இல் தனுஷ்கோடியின் கடைசி முனையான அரிச்சல்முனை வரை தார்ச்சாலை திறந்தார்கள். அதுவரை முகுந்தராயர் சத்திரத்தைத் தாண்டினால் மணலும் தண்ணீரும்தான் பாதை. நான்கு சக்கரமும் இழுக்கும் 'ஃபோர் வீல்' உள்ள ஜீப்பும் வேனும்தான் ஆட்களை ஏற்றிக்கொண்டு போய்வரும். மணலில் வண்டி ஓட்ட நான் படித்தது அவர் பக்கத்து சீட்டில் உட்கார்ந்துதான். கீழே சொல்வதில் பாதி அவர் சொன்னது.

காலம் தை முதல் பங்குனி வரை. வடகிழக்கு மழை முடிந்து தரை இறுகியிருக்கும், வெயில் இன்னும் ஏறியிருக்காது. வைகாசிக்கு மேல் கச்சான் காற்று மணலை வாரி அடிக்கும். கூடாரமும் நிற்காது, கார்புரேட்டரும் தாங்காது. தை அமாவாசை வரும் வாரத்தைத் தவிர்த்துவிடுங்கள். சேதுக்கரை, தேவிபட்டினம், ராமேஸ்வரம் மூன்றிலும் தீர்த்தமாட வரும் கூட்டத்தில் சாலை நகராது. செப்டம்பர் இரண்டாம் வாரமும் அக்டோபர் கடைசி வாரமும் வேண்டாம். மாவட்டத்தில் பெரும்பாலும் தடை உத்தரவு இருக்கும், வெளியூர் வண்டிகளை எல்லையிலேயே நிறுத்திக் கேட்பார்கள்.

இடத்துக்கு வருவோம். தனுஷ்கோடியில் இரவு தங்கலாமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். முடியாது. சாயங்காலத்துக்குள் எல்லோரையும் வெளியே அனுப்பிவிடுவார்கள், அது சரியும்கூட. மன்னார் வளைகுடாவில் உள்ள 21 தீவுகளும் 1986 முதல் கடல்சார் தேசியப் பூங்கா. அங்கே கால் வைக்கும் பேச்சே வேண்டாம். நான் சொல்வது சேதுக்கரையிலிருந்து பெரியபட்டினம் பக்கமும், ஏர்வாடியைத் தாண்டி வாலிநோக்கம் பக்கமும் உள்ள தனியார் தோப்புகளை. பனந்தோப்பாக இருந்தால் நல்லது. தென்னந்தோப்பு என்றால் மரத்தடியில் கூடாரமும் கூடாது, வண்டியும் கூடாது. தேங்காய் விழுந்தால் பானெட் மட்டுமா போகும்?

தோப்புக்காரரிடம் பேசி முடித்ததும் ஊரில் பேச வேண்டும். மீனவர் ஊர் என்றால் ஊர்த் தலைவர், முஸ்லிம் ஊர் என்றால் ஜமாஅத். அவர்களிடம் கேட்க வேண்டியது ஒன்றுதான்: "அண்ணே, எந்தப் பாதையில் நாங்கள் வரக் கூடாது?" வெளியூர்க்காரர் கண்ணுக்கு இந்தக் கரை காலியாகத்தான் தெரியும். உண்மையில் ஒரு முழம்கூடக் காலி இல்லை. ஒரு பக்கம் கருவாடு காயும். ஒரு பக்கம் பெண்கள் கழுத்தளவு தண்ணீரில் நின்று எடுத்த கடல்பாசி மணலில் விரித்துக் கிடக்கும். கரைவலை இழுக்கிற நேரம் கயிறு நீளமாக மணலில் ஓடும். வலை பழுது பார்க்க விரித்திருப்பார்கள். அதன்மேல் ஒரு டயர் ஏறினால் ஒரு வீட்டின் ஒரு வாரக் கூலி போய்விடும். இன்னொன்று, இந்தக் கடலில் ஆமைகள் முட்டையிட வருவது கிட்டத்தட்ட நாம் வரும் அதே மாதங்களில்தான். முட்டை அலை ஏறாத உலர்ந்த மணலுக்குள் இருக்கும், மேலே அடையாளம் எதுவும் தெரியாது.

அதனால் நாங்கள் வைத்திருக்கும் கட்டுப்பாடு, கடற்கரையில் வண்டி ஓட்டுவதில்லை. தோப்புக்குப் போகும் வண்டிப்பாதை, பனைகளுக்கு நடுவே ஓடும் மணல் தடம், உரிமையாளர் சம்மதித்த உள்மணல் மேடு, இவற்றில் மட்டும்தான். அங்கேயே வண்டிக்கு வேண்டிய மணல் தாராளமாக இருக்கிறது. அலையை ஒட்டி ஓட்டிப் படம் எடுக்க ஆசைப்படுபவரை நான் சேர்ப்பதில்லை. அவருக்கும் கஷ்டம், ஊருக்கும் கஷ்டம்.

அப்புறம் காவல் நிலையம். எத்தனை வண்டி, பதிவெண்கள், ஓட்டுநர் பெயர், தங்கும் தோப்பு, தேதி எல்லாம் எழுதி உள்ளூர் காவல் நிலையத்திலும் கடலோரக் காவல் நிலையத்திலும் கொடுத்துவிடுங்கள். இலங்கை இங்கிருந்து கூப்பிடு தூரம். கடத்தல் நடக்கிற கரை என்பதால் இரவில் கடலோரம் விளக்கு தெரிந்தால் வந்து விசாரிப்பார்கள். முன்பே சொல்லியிருந்தால் ஒரு டீ குடித்துவிட்டுப் போவார்கள். ட்ரோன் கொண்டுவர வேண்டாம். உச்சிப்புளியில் கடற்படையின் பருந்து விமானத்தளம் இருக்கிறது.

வண்டிக் காகிதம் முக்கியம். 15 வருஷம் தாண்டிய வண்டிக்கு ஆர்.சி. புதுப்பித்திருக்க வேண்டும். பெட்ரோல் வில்லிஸில் டீசல் எஞ்சின் மாற்றியிருந்தால் அது ஆர்.சி.யில் ஏறியிருக்க வேண்டும். எங்கள் பக்கம் பாதி வண்டிகளில் இதுதான் சிக்கல். 50 வருஷம் தாண்டி, பழைய உருவம் மாறாமல் இருக்கும் வண்டியை 2021-இல் வந்த விதிப்படி விண்டேஜ் என்று பதிந்து 'விஏ' எழுத்துள்ள எண் வாங்கலாம். ஆனால் அந்த எண் வாங்கிய வண்டியைக் கண்காட்சி, ரேலி, எரிபொருள், பராமரிப்பு மாதிரியான காரணங்களுக்குத்தான் சாலையில் எடுக்கலாம், தினசரி ஓட்ட முடியாது. அதை யோசித்துக்கொண்டு விண்ணப்பியுங்கள்.

என்னென்ன வண்டி வரும்? சிஜே-3பி வில்லிஸ், பூஜோ 2112 சிசி டீசல் போட்ட மஹிந்திரா எம்எம்540, 970 சிசி பழைய ஜிப்ஸி, பட்டாளத்தில் ஓடி ஏலத்தில் வந்த ஜோங்கா. இதில் மணலுக்கு நான் முதலில் சொல்வது ஜிப்ஸி, எடை குறைவு. ஜோங்கா பெரிய பெட்ரோல் எஞ்சின், தாகம் அதிகம், புதைந்தால் தூக்க ஆள் வேண்டும். ஆனாலும் கூட்டத்தில் ஒரு ஜோங்கா இருந்தால் மற்ற வண்டியை இழுக்க அதைவிட நல்லது கிடையாது. மொத்தம் பத்துப் பன்னிரண்டு வண்டிக்கு மேல் வேண்டாம். ஒரு சின்ன ஊர் அதற்கு மேல் தாங்காது.

கிளம்புவதற்கு முன் பட்டறையில் பார்க்க வேண்டியவை: ஃபேன் பெல்ட், ரேடியேட்டர் ஹோஸ், முன் வீல் பேரிங்கில் கிரீஸ், ப்ரொப்பல்லர் ஷாஃப்ட் கிராஸ் (தண்டின் மூட்டு), எல்லா கிரீஸ் நிப்பிளும். ஆயில் பாத் ஏர் கிளீனர் உள்ள வண்டியில் பழைய ஆயிலைக் கொட்டி, கிண்ணத்தைக் கழுவி, குறியிட்ட அளவு வரை புது ஆயில் ஊற்றுங்கள். மணல் தூசி எஞ்சினுக்குள் போகாமல் நிற்பது அந்தக் கிண்ணத்தால்தான். பாயின்ட் (தீப்பொறிக்கான தொடுமுனை) உள்ள பெட்ரோல் வண்டிக்கு ஒரு செட் பாயின்டும் கன்டென்சரும் கையில் இருக்கட்டும். உப்புக்காற்றில் ஒரு ராத்திரி நின்றாலே பாயின்ட் முகம் கருத்துவிடும். பழைய 6 வோல்ட் வண்டியில் 12 வோல்ட் காற்று பம்ப் ஓடாது, அதனால் அதை வேறு வண்டியில் வைத்துக்கொள்ளுங்கள். ரேடியேட்டருக்கு வேண்டிய நல்ல தண்ணீரையும் ஊரிலிருந்தே எடுத்து வாருங்கள். கடலோரத்துக் கிணற்றுத் தண்ணீர் உப்பு. அதை ஊற்றினால் உள்ளே படிந்துவிடும்.

சனிக்கிழமை காலை ராமநாதபுரத்தில் கூடி, மெதுவாக ஓடும் வண்டியை முன்னால் விடுங்கள். வேகம் 50-ஐத் தாண்ட வேண்டாம். கிழக்குக் கடற்கரைச் சாலையில் பஸ்கள் பறக்கும், அவர்களுக்கு வழி விட்டு ஓரமாகப் போகலாம். பின்னால் வரும் வண்டி கண்ணாடியில் தெரியாவிட்டால் நின்றுவிட வேண்டும் என்பது ஒன்றே போதும், வேறு விதி தேவையில்லை. பெட்ரோல் வண்டி உச்சி வெயிலில் திக்கித் திக்கி நின்றால் பெரும்பாலும் பெட்ரோல் குழாயில் ஆவி கட்டியிருக்கும். பானெட்டைத் திறந்து, எஞ்சின் முகத்தைக் காற்றுக்கு எதிரே திருப்பி நிறுத்தி, ஃப்யூயல் பம்பில் ஈரத்துணி சுற்றிக் கொஞ்ச நேரம் காத்திருங்கள்.

இனி மணல். தார் முடிந்து மணல் தொடங்கும் இடத்திலேயே இறங்கிக் காற்றைக் குறையுங்கள். சாலையில் 26, 28 வைத்திருந்தால் 16, 18 பிஎஸ்ஐ போதும். டியூப் உள்ள நைலான் டயரில் அதற்கும் கீழே போகாதீர்கள். ரிம்மில் டயர் வழுக்கித் திரும்பும்போது டியூப் வால்வு அடியோடு பிய்ந்துவிடும். டியூப்லெஸ் ஓட்டுபவர் சொல்லும் 12, 10 எல்லாம் நமக்கு ஆகாது. முன் சக்கர ஹப்பில் லாக் உள்ள வண்டி என்றால் இறங்கிக் கையால் பூட்டி, நிற்கும்போதே ஃபோர் வீல் போட்டு, லோ-வில் (வேகம் குறைந்து இழுவை கூடும் நிலை) இரண்டாம் கியரில் ஏறுங்கள். புதைந்த பிறகு ஃபோர் வீல் போடுவதில் பயன் குறைவு.

சித்தப்பா சொல்வார், "ஆக்ஸிலேட்டர்ல கால் இருக்கறதே தெரியக் கூடாது, பிரேக்குல கால் போகவே கூடாது." ஒரே சீரான வேகம். நிற்க வேண்டும் என்றால் காலை எடுத்தால் போதும், மணலே நிறுத்தும். பிரேக் அடித்தால் சக்கரத்துக்கு முன் மணல் மேடு கட்டிக்கொள்ளும். திரும்புவதாக இருந்தால் அகலமாகத் திரும்பி, நிறுத்தும்போது இறக்கத்தைப் பார்த்து நிறுத்துங்கள். சக்கரம் சுற்றிக்கொண்டு வண்டி நகராவிட்டால் அந்த நொடியே காலை எடுங்கள். இரண்டு முறை உறுமினால் அச்சில் தொங்கும் கியர்க் கூடான டிஃபரன்ஷியல் மணலில் உட்கார்ந்துவிடும். அப்புறம் மண்வெட்டிதான். நான்கு டயருக்கும் முன்னாலும் பின்னாலும், டிஃபரன்ஷியலுக்கு அடியிலும் மணலை வாரிவிட்டு, வந்த தடத்திலேயே பின்னால் எடுங்கள். டயருக்கு அடியில் ஈரச் சாக்கு போடலாம், தென்னை மட்டை போடலாம். பனை மட்டை மட்டும் வேண்டாம். அதன் கருக்கு ரம்பம் மாதிரி டயரை அறுத்துவிடும். ஜாக்கியைத் தனியாக மணலில் வைத்தால் வண்டி ஏறாது, ஜாக்கிதான் இறங்கும். கனமான பலகை ஒன்று ஒவ்வொரு வண்டியிலும் இருக்கட்டும்.

இழுக்கும் கயிறைச் சேஸிஸ் கொக்கியில்தான் மாட்ட வேண்டும், பம்பரில் கூடாது. கயிற்றின் நடுவில் ஈரச் சாக்கைத் தொங்கவிட்டு, எல்லோரும் கயிற்றின் நீளத்துக்கும் அப்பால் விலகி நில்லுங்கள். குழந்தைகளை ஒருவர் பொறுப்பெடுத்துப் பிடித்துக்கொள்ளட்டும். இதில் நான் யாருக்கும் சலுகை தருவதில்லை.

மணலைவிட நான் பயப்படுவது உவர் தரைக்கு. மேலே உப்புப் பூத்து வெள்ளையாக, இறுகினது போல இருக்கும். அடியில் களிச் சேறு. நடந்து பார்த்துக் குதிகால் உள்ளே போனால் வண்டியை அங்கே விடாதீர்கள். அடுத்தது முள். சீமைக்கருவேல முள் காற்றுக் குறைத்த டயரின் பக்கவாட்டில் சுலபமாக ஏறும். ஸ்டெப்னி தவிர ஆளுக்கு ஒரு உபரி டியூப், பஞ்சர் சாமான் எல்லாம் தேவை.

கூடாரத்துக்கு மணலில் ஆணி நிற்காது. சாக்கில் மணலை நிரப்பி, கயிற்றைக் கட்டி, முழ ஆழத்தில் புதையுங்கள். எவ்வளவு காற்றுக்கும் நிற்கும். வண்டிகளைக் காற்று வரும் பக்கம் வரிசையாக நிறுத்தினால் தடுப்பாகும். காய்ந்த பனை ஓலை கிடக்கும் தோப்பில் நெருப்பு மூட்ட வேண்டாம், கேஸ் அடுப்பு போதும். இரவில் செருப்பில்லாமல் நடக்காதீர்கள், சுருட்டை விரியன் உள்ள மண் இது. பெண்கள் வருவதாக இருந்தால் கழிப்பறைக்கு என்ன ஏற்பாடு என்று தோப்புக்காரரிடம் முதல் பேச்சிலேயே கேட்டுவிடுங்கள். குடிக்க ஆளுக்கு நாளைக்கு 5 லிட்டர் தண்ணீர். மீனைக் கரையில் ஏலம் முடியும் நேரத்தில் அவர்களிடமே வாங்குங்கள், பேரம் வேண்டாம். ராமநாதபுரம் முண்டு மிளகாய் அரைத்து வைக்கும் குழம்புக்கு அந்த மீன்தான் பொருத்தம். தையில் வந்தால் பனங்கிழங்கு, கொஞ்சம் தள்ளி வந்தால் பதநீர்.

ஞாயிறு விடியும் முன் கிளம்பினால் அரிச்சல்முனை போய்வரலாம். தாருக்கு வந்ததும் காற்றை மறுபடி ஏற்றி, ஃபோர் வீலை எடுத்துவிடுங்கள். தார்ச்சாலையில் ஃபோர் வீலோடு திருப்பினால் கியர் முறுக்கிக்கொள்ளும். ராமநாதபுரத்திலிருந்து 70 கிலோமீட்டருக்கு மேல் இருக்கும். பாம்பன் பாலத்தில் பக்கவாட்டுக் காற்று துணி டாப்பைப் பிய்க்கப் பார்க்கும், கட்டி வையுங்கள். முனையில் ஒரு பக்கம் அலை அடிக்கும் ஆண் கடல், மறு பக்கம் அமைதியான பெண் கடல். வண்டியைச் சாலையிலேயே நிறுத்திவிட்டு நடந்துபோய்ப் பாருங்கள்.

திரும்பும் வழியில், வீடு சேரும்வரை காத்திருக்காமல், ராமநாதபுரத்திலேயே வாட்டர் சர்வீஸில் விட்டு அடிப்பக்கம் முழுக்க நல்ல தண்ணீரில் அடிக்கச் சொல்லுங்கள். ஸ்பிரிங் பட்டைகளின் இடுக்கு, சேஸிஸ் உள்பக்கம், பிரேக் டிரம் பின்புறம் மூன்றும் முக்கியம். கழுவினதும் பிரேக்கை லேசாக மிதித்தபடி கொஞ்ச தூரம் ஓட்டி டிரம்மைக் காய வையுங்கள். மறுநாள் எல்லா நிப்பிளிலும் பழைய கிரீஸ் வெளியே வரும்வரை புதுசு அடியுங்கள். டிஃபரன்ஷியல் ஆயிலைக் கொஞ்சம் இறக்கிப் பாருங்கள்; பால் நிறத்தில் இருந்தால் தண்ணீர் போயிருக்கிறது, முழுவதையும் மாற்றிவிட வேண்டும்.