வேகத்தை மறந்து ஒரு காலை நடை

வார நாளெல்லாம் ஓட்டப் பயிற்சியா? ஞாயிறு காலை மட்டும் கைக்கடிகாரத்தைக் கழற்றி வைத்துவிட்டு சிங்கப்பூரின் ரயில் காரிடார் பக்கம் நடந்து பாருங்கள். 2011 வரை மலேசிய ரயில்கள் ஓடிய பாதை இது. மொத்தம் 24 கிலோமீட்டர். அத்தனையும் நடக்க வேண்டாம். கிங் ஆல்பர்ட் பார்க் எம்ஆர்டி (பெருவிரைவு ரயில்) நிலையத்தில் இறங்கினால் பழைய புக்கிட் தீமா ரயில் நிலையம் பக்கத்திலேயே இருக்கிறது. அங்கிருந்து ரெயில் மால் என்ற கடைவரிசை வரை போனால் போதும்.

நிலையத்தருகே பழைய தண்டவாளத்தில் ஒரு துண்டை அப்படியே விட்டிருக்கிறார்கள். சாலைக்கு மேலே நிற்கும் இரும்புப் பாலத்தில் நின்று ஆணித்தலைகளை நெருங்கிப் பாருங்கள். ஓடுகிறவர் கண்ணில் இதெல்லாம் படவே படாது. எனக்கு இந்தப் பாலம்தான் மிகவும் பிடித்த இடம்.

ஏழு மணிக்கே கிளம்பிவிட்டால் வெயில் தெரியாது. தண்ணீரும் சின்னக் குடையும் அவசியம். சாப்பாட்டைப் பிளாஸ்டிக் பையில் தொங்கவிட்டுக்கொண்டு போகாதீர்கள், குரங்குகள் பிடுங்கிவிடும்; முதுகுப் பைக்குள் வையுங்கள். சைக்கிள்கள் வரும், அதனால் இடது ஓரமாக நடப்பது நல்லது. அப்புறம், பசித்தால் ரெயில் மாலிலேயே சாப்பிடலாம்.